ஜாகா அண்ணன் தூங்கட்டும்

நல்ல தூக்கத்துக்குத் தலையணை முக்கியம் இல்லை, ஐயா. நான் மரக்கட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்து வளர்ந்தவன். பாய் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, மூட்டைப்பூச்சியோடுகூட ஒத்துப்போய்விடலாம். மனிதனைத் தூங்கவிடாமல் அடிப்பது இன்னொரு மனிதன்தான். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

துரை காலையில்தான் வருவார், அதற்குள் நான் சொல்வதை எழுதிவைத்தால் போதும் என்றீர்கள். நல்லது. என் பெயர் ஐயாவு. ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட் போகிற சடக்கிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் கித்தாத் தோட்டத்தில் பெரட்டு மணி அடிக்கிறவன். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாகத்தான் நடந்து வந்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கும் போலீஸ்காரர் என் காலைப் பார்த்து, பிச்சை கேட்க வந்தவன் என்று நினைத்துத் துரத்தப் பார்த்தார். அவர்மேல் தப்பில்லை. குற்றம் செய்தவன் எப்படி இருப்பான் என்று அவருக்கு ஒரு நினைப்பு இருக்கும் அல்லவா.

மணி என்று பெயர்தானே தவிர அது மணி இல்லை. ரயில் தண்டவாளத்தில் ஒரு துண்டு. பெரட்டுக் களத்து ஓரமாகச் சங்கிலியில் தொங்கும். விடியுமுன் அதை இரும்புக் கம்பியால் அடித்தால் லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து வரிசையில் நிற்பார்கள், கங்காணி வேலை பிரித்துவிடுவார். சின்ன வயதில் மாட்டுவண்டி ஏறி என் இடது கால் குட்டையாகிவிட்டது. கித்தா மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்க லாயக்கில்லை என்று இந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அது சுகமான வேலைதான். விளக்கு வைத்ததும் படுப்பேன். எழுந்து மணி அடித்துவிட்டு, ஸ்டோரில் பால் வாளி கழுவிவிட்டு வந்து மத்தியானம் இன்னொரு தூக்கம் போடுவேன். என் மனைவி காளியம்மா வாய்க்காரி. "எங்கப்பா ஒங்களுக்குப் பொண்ணு கொடுத்ததுக்கு ஒரு பாயி கொடுத்திருக்கலாம், குடும்பம் நல்லா நடந்திருக்கும்" என்பாள். நானும் சிரித்துக்கொண்டே திரும்பிப் படுப்பேன். அப்படித் தூங்கினவன் நான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் பிறவியிலேயே கெட்டவன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

ஜப்பான்காரன் வந்ததும் முதலில் கடிகாரத்தில் கை வைத்தான். தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இங்கேயும் மணி என்றான். ஒன்றரை மணி நேரம் அப்படியே காணாமல் போய்விட்டது. எல்லாருக்கும்தான் போனது. ஆனால் எல்லாருக்கும் முன்னால் எழுந்திருக்க வேண்டியவனுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று யாரும் யோசிக்கவில்லை. சூரியன் பழைய நேரத்துக்குத்தான் இறங்கியது. லயத்துச் சனம் பழைய நேரத்துக்குத்தான் பேசி முடித்துப் படுத்தது. பெரட்டு மட்டும் சப்பான் நேரத்துக்கு. பக்கத்து வீட்டுப் பேச்சு ஓய்ந்து நான் கண்ணை மூடினால், எழுந்து வா என்று கம்பி கூப்பிடும். கித்தா மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். கிழங்கு பிடுங்க எதற்கு இருட்டில் பெரட்டு என்று நான் கங்காணியிடம் கேட்டேன். "அத நீயே போயி சப்பான்காரன்கிட்ட கேளு, ஒன் காலுக்கும் கழுத்துக்கும் கணக்குச் சரியாயிரும்" என்றார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பிறகு சயாம் வந்தது.

நீங்கள் ஈப்போக்காரர், உங்களுக்குத் தெரியாதது இல்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று தோட்டம் தோட்டமாக லாரி வந்தது. முதலில் அரிசி, துணி என்று ஆசை காட்டிக் கூப்பிட்டார்கள். போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அப்புறம் கூப்பிடுவதை விட்டுவிட்டுப் பிடிக்க ஆரம்பித்தார்கள். கமுந்திங் பக்கத் தோட்டம் ஒன்றில் ஆட்களைப் படுத்த பாயோடு வாரிக்கொண்டு போனதாக அங்கிருந்து தப்பி வந்த ஒருவர் சொன்னார். அன்றையிலிருந்து எங்கள் ஆண்பிள்ளைகள் லயத்தில் படுப்பதில்லை. இருட்டியதும் ஓடையைத் தாண்டி, புதர் மண்டிப்போன பழைய காட்டுக்குள் போய்ப் படுப்பார்கள். பெரட்டுக்கு ஆள் குறைந்தால் உதை விழும் என்பதால் மணி அடித்ததும் வந்துவிடுவார்கள்.

அப்படியென்றால் லயத்துப் பக்கம் ஒருவன் இரவெல்லாம் விழித்திருந்து சடக்கைப் பார்க்க வேண்டும் அல்லவா. அதற்குத்தான் கூட்டம் போட்டார்கள். என் மனைவியின் தம்பி சின்னையாதான் முதலில் வாயைத் திறந்தான். "மச்சானை விட்டா வேற ஆளு யாருலா? கால் குட்டையான ஆள சப்பான்காரன் லாரியில ஏத்த மாட்டான். மணியும் அவரு கையிலதான இருக்கு." நான் பதில் சொல்வதற்குள் எல்லாரும் தலையை ஆட்டிவிட்டார்கள். நல்ல பொருத்தம் பார்த்து என் தலையில் கட்டிவிட்டார்கள், ஐயா.

அடையாளமும் பேசிக்கொண்டோம். லாரி வந்தால் இரட்டை இரட்டையாக அடிக்க வேண்டும். ஓடு என்று அர்த்தம். ஒன்றும் இல்லையென்றால் பெரட்டு நேரத்துக்கு வழக்கம்போல ஒற்றை ஒற்றையாக அடிக்க வேண்டும். வழி சுத்தமாக இருக்கிறது, வா என்று அர்த்தம். அவ்வளவுதான். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடப் புரியும்.

அன்றிலிருந்து எனக்கு ஜாகா அண்ணன் என்று பெயர். ஜாகா என்றால் மலாயில் காவல். தூங்காமல் விழித்திருப்பதற்கும் அவர்களுக்கு அதே சொல்தான். எங்கள் சனம் காவலுக்கு மட்டும் பெயர் வைத்தது. விழிப்பை நான் தனியாக வைத்துக்கொண்டேன்.

களத்தில் ஒரு தேங்காயெண்ணெய் விளக்கைத் தொங்கவிட்டு, அதன் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பாகான் டத்தோவிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த எண்ணெய். கண் அசந்துவிடாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். கித்தாப்பால் பிடிக்கிற மங்கு இருக்கிறதே, அதை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். கீழே தகர மூடியைப் போட்டு வைப்பேன். கண் சொருகினால் கை தளரும், மங்கு தகரத்தில் விழும், அந்தச் சத்தத்தில் தூக்கிவாரிப்போடும். மறுபடி எடுத்துப் பிடித்துக்கொள்வேன். இப்படித்தான் ஒவ்வொரு இரவும். அங்கே காட்டில் குறட்டை.

பகலில் தூங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். பகலில் கிழங்கு சீவிக் காயப்போடுகிற வேலைக்கு என் பெயரும் இருந்தது. அதை முடித்து வந்து சாய்ந்தால், என் வீட்டுக்கு அந்தப் பக்கம் ஆயாக் கொட்டகை, இந்தப் பக்கம் முத்தம்மா. வேலைக்குப் போனவர்கள் விட்டுப்போன பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் பசிக்கு அழும். முத்தம்மா காய்ந்த கிழங்கை உரலில் போட்டு இடிப்பாள். இடைச் சுவர் பலகை, கூரை வரைக்கும் எட்டாது. ஒவ்வொரு இடியும் என் மண்டையில் விழும். கொஞ்சம் தள்ளிப்போட்டு இடிக்கக் கூடாதா என்று கேட்டேன். "உரலத் தூக்கித் தலையிலயா வச்சுக்கிறது அண்ணே? எம்மவன் வந்தா சோத்துக்கு என்ன பண்ணுவேன்?" என்றாள். அவள் மகன் பத்துமலை நல்ல திடமான இளந்தாரி. காட்டில் நன்றாகத் தூங்கிவிட்டு வருவான், வந்ததும் நன்றாகச் சாப்பிடுவான்.

தூக்கம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று சொல்கிறேன், கேளுங்கள். முதலில் கோபம் வரும். பிறகு அதுவும் போய்விடும். நாக்கைக் கடித்துக்கொள்வேன். கஞ்சியில் உப்பு இருக்கிறதா என்று தெரியாது. பழகின வீட்டுக்குள் தூண் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முட்டிக்கொள்வேன். காளியம்மா எதிரில் நின்று பேசுவாள், வாய் அசைவது தெரியும், என்ன சொல்கிறாள் என்பது வெகுநேரம் கழித்து வந்து சேரும். ஒருநாள் அவளை யார் என்றே கேட்டுவிட்டேன். அவள் அழுதாள். அதுவும் சத்தம்தான்.

நான் கேட்காமல் இருக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், ஐயா, நான் எல்லாரிடமும் கேட்டேன். ஒரே ஒரு இரவு யாராவது மாற்றிவிடுங்கள் என்றேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருவனுக்குக் காய்ச்சல். ஒருவனுக்கு இருட்டென்றால் பயம். "நாளைக்குப் பார்க்கலாம்லா" என்பான் பத்துமலை. சின்னையாவோ என் தோளில் கை போட்டுச் சிரிப்பான். "நீங்கதான் இருக்கீங்களே மச்சான். நாங்க நிம்மதியாத் தூங்குறோம்" என்பான்.

அந்த வார்த்தையை ஒருவர் மாற்றி ஒருவர் எல்லாரும் சொன்னார்கள். நீங்கதான் இருக்கீங்களே, நாங்க நிம்மதியாத் தூங்குறோம். பாராட்டாகத்தான் சொன்னார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்வார்கள். விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் வரிசையில் நிற்கும்போது பார்ப்பேன், கன்னத்தில் பாயின் கோடு பதிந்திருக்கும். முகம் உப்பி, கண் ஓரத்தில் பீளை கட்டி, நன்றாகத் தூங்கினவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி. ஊரில் சோறு இல்லை, துணி இல்லை, மருந்து இல்லை. அவர்களிடம் இருந்த ஒரே செல்வம் அதுதான். அது என் கண்ணிலிருந்து எடுத்துக் கொடுத்தது. ஒருத்தன்கூட அப்படி நினைக்கவில்லை.

கடைசியில் காளியம்மா போய்ச் சண்டை போட்டாள். "எம் புருசன் செத்துப்போனா ஒங்க ஜாகாவுக்கு யாரக் கொண்டாந்து ஒக்கார வைப்பீங்க? ஒருநாளு ஒருத்தன் முழிச்சா என்ன குடியா முழுகிப்போகும்?" என்று கேட்டிருக்கிறாள். ரோஷம் வந்து, அன்றைக்குப் பத்துமலை உட்காருவது என்று முடிவாயிற்று.

அன்று பொழுது சாயும்போதே கஞ்சி குடித்தேன். காளியம்மா புதுப் பாயை விரித்தாள். ஆயாக் கொட்டகை அடங்கிவிட்டது. முத்தம்மாவும் இடிக்கவில்லை. படுத்தேன். தூக்கம் உடனே வரவில்லை. வழி மறந்துபோன ஆள் மாதிரி வாசலில் நின்று தயங்கியது. பிறகு வந்தது. முதலில் கால் மறந்துபோனது, பிறகு கை. அந்தச் சுகத்தை நான் உங்களுக்கு எப்படிச் சொல்வேன். வாயில் வைத்த சோறு உள்ளே இறங்கத் தொடங்கும் நேரம்.

யாரோ என் பெருவிரலைப் பிடித்து ஆட்டினார்கள்.

பத்துமலைதான். "அண்ணே, கோவிச்சுக்காதீங்கலா. நான் ஜாகா இருக்கேன்னு தெரிஞ்சதும் அங்க ஒருத்தருக்கும் கண்ணு மூடல. எல்லாம் எழுந்து ஒக்காந்துக்கிட்டு என்னையவே பாக்குது. நீங்க இருந்தாத்தான் தூக்கம் வருதாம். நீங்களே வந்திருங்கண்ணே."

காளியம்மா என்னமோ கத்தினாள். நான் அவளைக் கையமர்த்திவிட்டு எழுந்து போனேன். பத்துமலை எனக்காக முக்காலியைத் துடைத்துவிட்டு, மங்கைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு, காட்டுக்குத் தூங்கப் போனான். பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே போனான். எனக்கு அப்போது கோபம் ஒன்றும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெரட்டுக்குக் கொஞ்சம் முன்னால் லாரி வந்தது. மேட்டிலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டு, விளக்கில்லாமல், சரிவில் உருண்டு வந்தது. சக்கரத்தின் கீழே சரளைக்கல் நொறுங்குவது எனக்குக் கேட்டது. ஸ்டோர் கட்டடத்துக்குப் பின்னால் போய் நின்றது. சிகரெட் நெருப்பு ஒன்று பொட்டு மாதிரி தெரிந்து மறைந்தது. மணி அடித்தால் ஆள் வரும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும், காத்திருந்தார்கள். என் பக்கம் ஒருவனும் வரவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தால் ஸ்டோர் மறைக்கும். விளக்கின் கீழே நிற்கும் நான் மட்டும்தான் தெரிவேன்.

என் கையில் கம்பி இருந்தது. மங்கு அன்றைக்கு விழவே இல்லை. நான் முழு விழிப்போடு இருந்தேன்.

பயத்தில் செய்தேன் என்று சொல்லலாம். வக்கீல் வைத்தால் அப்படித்தான் சொல்லச் சொல்வார். பயப்படுவதற்கும் கொஞ்சம் தூக்கம் வேண்டும், ஐயா, என்னிடம் அது இல்லை. நான் அமைதியாக யோசித்தேன். இரட்டை அடித்தால் அவர்கள் ஓடுவார்கள், லாரி வெறுமனே போகும். நாளைக்கு மறுபடி வரும். நாளைக்கும் நான் முக்காலியில் உட்கார வேண்டும். அதற்கடுத்த நாளும். இவர்கள் எல்லாரும் இருக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்லை. காப்பாற்ற வேண்டிய ஆட்கள் இல்லையென்றால் காவலும் இல்லை. யோசித்தது இவ்வளவுதான். எங்கேயும் சிக்கல் இல்லை.

ஒற்றை அடித்தேன். நிதானமாக, இடைவெளி விட்டு ஒன்றொன்றாக. வழக்கத்தைவிட நன்றாகவே விழுந்தது.

காட்டிலிருந்து வந்தார்கள். ஓடையைத் தாண்டிக் களத்துக்கு ஏறியதும் ஸ்டோரின் இரண்டு பக்கமிருந்தும் சிப்பாய்கள் வந்து மடக்கிக்கொண்டார்கள். பெரிய கூச்சல் எதுவும் இல்லை. பாதிப் பேருக்குத் தூக்கமே கலையவில்லை. கன்னத்தில் பாயின் கோட்டோடு லாரியில் ஏறினார்கள். பத்துமலை மட்டும் ஏறும்போது திரும்பி என்னைப் பார்த்தான், ஏதோ விளக்கம் சொல்வேன் என்பதுபோல. நான் கம்பியைச் சங்கிலியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

லாரி போனபின் பெண்கள் ஓடிவந்தார்கள். கண் அசந்துவிட்டது, லாரி வந்தது தெரியவில்லை, திடுக்கிட்டு விழித்து, பெரட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று பதறி அடித்துவிட்டேன் என்றேன். முத்தம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு என்மேல் பாய்ந்தாள். "அடப்பாவி, எம்மவன எமன் வாயில போட்டியே, நீ நல்லா இருப்பியா?" குறுக்கே வந்து நின்றது காளியம்மா. சொந்தத் தம்பி லாரியில் போகிறான், அவள் எனக்காக நின்றாள். "அவர அடிக்காதீங்க. தினமும் கண்ணு முழிச்ச மனுசன், ஒருநாளு அசந்துட்டாரு. ஒரே ஒரு நாளு மாத்தி விட்டீங்களா? நேத்து படுத்த மனுசன எழுப்பிக் கொண்டுபோயி ஒக்கார வச்சது யாரு? ஒம் மவன்தான?" முத்தம்மாவின் கை இறங்கிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். நான் வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

பல நாள் விட்டுப்போன தூக்கம் ஒரே நாளில் வந்து சேராது. அதைத் தெரிந்துகொள்ளாதவர்கள்தான், ஒரு இரவு தூங்கினால் சரியாகிவிடும் என்பார்கள். முதல் தடவை மறுநாள் பொழுது சாயும் வரைக்கும் தூங்கினேன், எழுந்தபோது முன்னைவிட அசதி. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலி. திரும்பப் படுத்தேன். கொஞ்ச நாள் போனதும் தூணில் முட்டுவது நின்றது. பிறகு உப்பு தெரிந்தது. பிறகு பசி வந்தது. ஒரு காலையில் எழுந்து பார்க்கிறேன், என் கையில் பாயின் கோடு பதிந்திருக்கிறது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லயம் எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா. இருமல் இல்லை, குறட்டை இல்லை, சீட்டாட்டச் சண்டை இல்லை. இருந்தவர்களும் எனக்காக அடக்கிக்கொண்டார்கள். மாற்றிவிடாமல் ஓய்த்துவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சி அந்தப் பெண்களுக்கு. "சத்தம் போடாதீங்க, ஜாகா அண்ணன் தூங்கட்டும்" என்று பிள்ளைகளை அதட்டுவார்கள். முத்தம்மா தன் உரலை உருட்டிக்கொண்டு போய் லயத்துக் கடைசியில் போட்டுக்கொண்டாள். மகனுக்கு இடிக்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. அந்த வருஷம் தோட்டத்தில் பாதிப் பேருக்குக் கால் வீங்கியது, பிள்ளைகள் சுருண்டன. உடம்பு தேறியவன் நான் ஒருவன்தான்.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், கடிகாரமும் பழைய இடத்துக்கு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்போது சின்னையா திரும்பி வந்தான்.

லாரி நிறையப் போனவர்களில் அவன் ஒருவன்தான் வந்தான். காலில் புண் தின்ற குழி, அவனும் இப்போது என்னைப்போல நொண்டுகிறான். பத்துமலை வாந்திபேதியில் போனான் என்று முத்தம்மாவிடம் அவன்தான் சொன்னான். என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். "மச்சான்மேல யாரும் கோவப்படாதீங்க. எங்களுக்காக முழிச்சே ஓஞ்சுபோன மனுசன்" என்று லயமே கேட்கச் சொன்னான். அதோடு விட்டிருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. விளக்கை அணைத்து நான் படுத்ததும் என் வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். "மச்சான், முழிச்சிருக்கீங்களா?" என்கிறான். எழுப்பிவிட்டுவிட்டு முழித்திருக்கிறேனா என்று கேட்கிறான், ஐயா. யாரிடம் போய் முட்டிக்கொள்வது. குறட்டை விடுவதுபோல நடித்துப் பார்த்தேன். அந்தக் குறட்டையிடமே பேசத் தொடங்கிவிட்டான்.

தினமும் ஒரே பேச்சுதான். "அன்னைக்கு ஓடைக்கரையில நான்தான் மச்சான் முன்னால நின்னேன். ஏதோ சிகரெட்டு வாடை அடிச்சுச்சு. நின்னுட்டேன். எனக்குப் பின்னால எல்லாரும் நின்னாங்க. ஒங்கள விளக்குக்குக் கீழ பாத்தேன். நீங்க கைய ஆட்டுனீங்க. அடிச்ச பெறகுதான் லாரியப் பாத்திருப்பீங்க, போ போன்னு ஆட்டியிருக்கீங்க. நான் ஒரு முட்டாப்பய, தூக்கக் கலக்கத்துல வான்னு நெனச்சுக்கிட்டு எறங்கிட்டேன். என்னையப் பாத்துத்தான் எல்லாரும் எறங்குனாங்க. நீங்க காப்பாத்தப் பாத்தீங்க. நான்தான் அத்தன பேரையும் கொண்டுபோயி ஏத்திவிட்டேன்."

நம் சனம் வா என்பதற்கும் போ என்பதற்கும் கையைக் கவிழ்த்துத்தான் ஆட்டும். விரல் எந்தப் பக்கம் மடங்குகிறது என்பதுதான் வித்தியாசம். விளக்கு வெளிச்சத்தில், தூரத்திலிருந்து பார்த்தால் எப்படி வேண்டுமானாலும் தெரியும். அவன் சயாமில் இத்தனை காலமும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

போன வாரம் முத்தம்மாவின் காலில் விழுந்து, ஒம் மவன நான்தான் கொன்னேன் என்று சொல்லியிருக்கிறான். அவள் அன்றிலிருந்து அவன் முகத்தில் விழிப்பதில்லை. நேற்று வந்து, "நாளை மறுநாளு ஈப்போ போலீசுல போயிச் சொல்லிறப்போறேன் மச்சான், அப்பவாச்சும் தூக்கம் வருதான்னு பாப்போம்" என்றான். நான் இரவெல்லாம் யோசித்தேன். அவன் உள்ளே போனால் காளியம்மா அழுவாள். ஒரே அறை வீடு. தம்பிக்காக அவள் அழ ஆரம்பித்தால் எத்தனை மாதம் அழுவாள் என்று எனக்குத் தெரியும், முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அதனால்தான் விடியுமுன் கிளம்பி, இந்தக் காலோடு நாள் முழுக்க நடந்து, நான் முந்தி வந்துவிட்டேன். அவனுக்காக வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்குத் தூக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, எழுத வேண்டியது இதுதான். அன்றைக்கு ஓடைக்கரையில் சின்னையா நின்றான். மணியை நான் நிறுத்திவிட்டேன், அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அப்போதும் நேரம் இருந்தது. போ என்று ஒரு சைகை காட்டியிருந்தால் திரும்பி ஓடியிருப்பார்கள். நான் வா என்று காட்டினேன். அவன் தயங்கினான். மறுபடியும் காட்டினேன். அவன் சரியாகத்தான் புரிந்துகொண்டான், அவனுக்குக் கலக்கம் எதுவும் இல்லை. இதை அப்படியே எழுதி, யாரையாவது அனுப்பி அவனுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். முத்தம்மாவும் கூட இருக்கும்போது படிக்கச் சொல்லுங்கள். அவன் என் வாசலுக்கு இனி வர மாட்டான்.

என் மனதில் வேறு எதுவும் இல்லை. அந்த லாரியைப் பற்றி நான் நினைப்பதே இல்லை. சின்னையா வருவதற்கு முன்பும் சில நாள் இரவில் விழித்துக்கொள்வேன், அது வயசு. கையில் எதையோ பிடித்திருப்பதுபோல விரல் மடங்கியிருக்கும், அது பழக்கம்.

இந்தப் பெஞ்சிலேயே படுத்துக்கொள்கிறேன், விளக்கு இருக்கட்டும். துரை வந்ததும் எழுப்பிவிடுவீர்கள் அல்லவா. விடியும் வரைக்கும் நீங்கள் இங்கேதான் முழித்திருப்பீர்களா? மாற்ற ஆள் இல்லையா? பரவாயில்லை. நீங்கள்தான் இருக்கிறீர்களே, ஐயா. நான் நிம்மதியாகத் தூங்குவேன்.